பூ விழட்டும் என்றவர்

அவருடைய தோட்டத்துக்கு ஒருமுறை திருச்செங்கோட்டிலிருந்து போர் போடுகிற ரிக் வண்டி வந்தது. ஆட்கள் குழாய்களை இறக்கி, வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, டீயும் குடித்துவிட்டு இன்ஜினைக் கிளப்பப் போகிற நேரத்தில் இவர் கோயிலிலிருந்து வந்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னும் உத்தரவு ஆகலீங்க. அடுத்த அமாவாசைக்கு வந்துருங்க."

ரிக்காரர் வாயில் வந்ததையெல்லாம் பேசினார். இவர் எல்லோருக்கும் சாப்பாடு போட்டு, வந்துபோனதற்கு உண்டானதையும் கொடுத்து அனுப்பிவைத்தார். அடுத்த அமாவாசைக்கு உத்தரவு ஆனது, ரிக் வந்தது, ஆயிரம் அடிக்கு மேல் இறங்கியது. புழுதிதான் பறந்தது.

"சாமி சொன்ன எடத்துலயே தண்ணி இல்லியே மாமா" என்று சீண்டினேன்.

"ஓட்டலாம்னு சொல்லுச்சு. தண்ணி தாரேன்னு எங்கீங்க அம்மிணி சொல்லுச்சு?" என்றார்.

இதற்கு மேல் எந்த வக்கீல் வாதாட முடியும்? நான் வக்கீல்தான். சேலம் கோர்ட்டில் பிராக்டிஸ், அஸ்தம்பட்டியில் ஆபீஸ். அவர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் கோழித் தீவன மில் வைத்திருந்தவர். எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர், முறைக்கு மாமா. பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய வீட்டில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்; அவர்கள் மனம் நோக வேண்டாம்.

உத்தரவு கேட்பது என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ராசிபுரத்துக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் அவர்களுடைய குலதெய்வம் இருக்கிறது. இடுப்பளவு உயரத்தில் கருங்கல் அம்மன். அமாவாசையன்று பூசாரி இரண்டு பூக்களை நீரில் நனைத்து அம்மனின் வலது தோளில் ஒன்றும் இடது தோளில் ஒன்றுமாக ஒட்டவைப்பார். கேட்க வந்தவர் எதிரே நின்று மனதுக்குள் கேட்பார். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் செய்யலாம். இடப்பக்கம் விழுந்தால் கூடாது. இரண்டும் விழாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் அம்மன் இன்னும் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். எதுவானாலும் மறுபடி கேட்க அடுத்த அமாவாசை வரவேண்டும்.

எங்கள் பக்கம் நிறையப் பேர் பூ கேட்பார்கள். கல்யாணத்துக்குக் கேட்பார்கள், கிணற்றுக்குக் கேட்பார்கள். அவர் புது மிக்ஸி வாங்கக்கூடக் கேட்டவர். அவருடைய மனைவிக்கு (நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்) பித்தப்பையில் கல் என்று டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது, "பூ உழட்டுமுங்க" என்று எழுந்து வந்துவிட்டார். டாக்டர் எனக்குத் தெரிந்தவர். என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். அந்த அமாவாசைக்கு வலப்பக்கம் விழுந்தது, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் இன்றுவரை அதைத் தன்னுடைய கைராசி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் இப்படி என்று அந்த அக்காதான் ஒருநாள் சொன்னார். கல்யாணமான புதிதில் இவரும் தம்பியும் சேர்ந்து ஒரு லாரி எடுத்தார்களாம். பாடி கட்டி முடித்த வண்டி கைக்கு வந்த சந்தோஷத்தில், கோயிலுக்குப் போகாமல் நேரே லோடு ஏற்றிவிட்டார்கள். முதல் நடையிலேயே வண்டி கவிழ்ந்து தம்பி போய்விட்டார். "நாந்தான் அவசரப்பட்டேன்னு அன்னைக்கிப் புடிச்சது, இன்னும் உடலீங்க அம்மிணி" என்றார் அக்கா. அதற்குப் பிறகு மிக்ஸி விஷயத்தைச் சொல்லி அவரைக் கேலி செய்வதை நான் நிறுத்திக்கொண்டேன்.

முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் கிளிஞ்சல் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடு தோல்போல மெலிந்து, தொட்டாலே உடைந்துவிடும். நாமக்கல் முட்டைக்குக் கடலோரத்துக் கிளிஞ்சல் வேண்டும் என்பது முட்டை தின்கிற பலருக்குத் தெரியாது. மற்ற மில்காரர்கள் புரோக்கர் வழியாக வாங்குவார்கள். இவர் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து தானே போவார். டெல்டா தாண்டி, ரோடு முடிகிற இடத்தில் ஒரு கிராமம். கடல் உள்ளே புகுந்து தேங்கி நிற்கிற கழி. அதைச் சுற்றி அலையாத்திக் காடு. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, காலால் துழாவிக் கூடை கூடையாகக் கிளிஞ்சல் அள்ளுவார்கள்.

நானும் ஒருமுறை அவரோடு போனேன். லாரியை விட்டு இறங்கியதும் அவர் மூட்டையைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகக் கழிக்கரைக்குப் போய், குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வாரேன் தாயி, எடுத்துக்கறேன்" என்றார். அதன்பிறகுதான் தண்ணீரில் கால் வைத்தார். கரையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பில் கேலி இல்லை.

"எங்க ஆளுங்களே இப்படிக் கும்புடறதில்லம்மா" என்றாள் பவளக்கொடி. அவள்தான் அந்தப் பெண்களுக்கெல்லாம் முன்னே நிற்பவள். ஐம்பது வயதிருக்கும். புருஷன் கடலில் போனவன், திரும்பவில்லை. கழியை வைத்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்திருந்தாள். இவர் தட்டுத் தட்டாக முட்டை கொண்டுபோய் இறக்குவார். அவர்கள் கருவாடு கட்டித் தருவார்கள். "அய்யா" என்று அவள் கூப்பிடுகிற விதத்தில் ஒரு நிம்மதி இருக்கும். அந்த ஊருக்கு வந்துபோகிற வெளியாட்களில் அவர்களை ஏமாற்றாதவர் இவர் ஒருவர்தான்.

ஒரு ஆவணி மாதம் அந்தப் பவளக்கொடியையும் அழைத்துக்கொண்டு அஸ்தம்பட்டி ஆபீசுக்கு வந்தார். அவள் சேலத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கழியைத் தூர்த்து, சரக்கு இறக்கும் துறையும் கிடங்கும் கட்ட ஒரு கம்பெனிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று எங்கோ டவுனில் கல்யாண மண்டபத்தில் நடந்து முடிந்திருக்கிறது. இந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லவில்லை. காவல் கொட்டகை போட ஆட்கள் வந்தபோதுதான் தெரிந்திருக்கிறது.

அனுமதிக் காகிதத்தையும் அதோடு இருந்த வரைபடத்தையும் மேஜையில் விரித்துப் பார்த்தேன். கழி இருக்க வேண்டிய இடத்தில் 'தரிசு' என்று போட்டிருந்தது. அலையாத்திக் காடே இல்லை. நான் நின்று பார்த்த தண்ணீர், காகிதத்தில் காய்ந்து கிடந்தது.

"இதுல எங்க எடம் எதும்மா?" என்றாள் பவளக்கொடி. விரலை வைத்துக் காட்டினேன். அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த மாதிரி அனுமதியை எதிர்த்துச் சென்னையில் இருக்கிற தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு போடலாம். என்னோடு படித்த சிநேகிதி அங்கே இந்த வழக்குகளைத்தான் நடத்துகிறாள். போனில் சொன்னேன். "வரைபடமே பொய்யா? உடனே அனுப்பு, விடக்கூடாது" என்றாள். மாமாவிடமும் பவளக்கொடியிடமும் கெடு நாளைச் சொன்னேன். ஆணை வந்ததிலிருந்து முப்பது நாளுக்குள் போட வேண்டும். தவறினால் தக்க காரணம் சொல்லி இன்னும் அறுபது நாள் கேட்கலாம். அதையும் தாண்டினால் யார் காலில் விழுந்தாலும் நடக்காது. மனுவைத் தயார் செய்தோம். முதல் மனுதாரர் பவளக்கொடி, இரண்டாவது அவர். அவள் வக்காலத்திலும் மனுவிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊர் போனாள். அவர் கையெழுத்துப் போடவில்லை. மனுக்கட்டை அப்படியே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

"அம்மிணி, காலடில வெச்சு ஒரு வார்த்த கேட்டுட்டு வந்தர்றேன்."

"கேளுங்க மாமா. ஆனா சட்டத்துக்கு அமாவாசை தெரியாது" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

புரட்டாசி அமாவாசையன்று மத்தியானம் போன் வந்தது. "எடப்பக்கம் உழுந்துருச்சு அம்மிணி." குரலே செத்துப்போயிருந்தது. நான் கத்தினேன். கோர்ட் வராண்டாவில் நின்று கத்தினேன், போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கடைசியில், "அடுத்த அமாவாசைக்குச் சொல்லுமுங்க. அம்மனுக்குத் தெரியாதுங்களா அந்தப் புள்ளைக கஷ்டம்?" என்றார்.

அவரை விட்டுவிட்டு நாமே போடலாம் என்று பவளக்கொடிக்குப் போன் செய்தேன். வேறு வக்காலத்து அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு, நாள் போய்க்கொண்டிருக்கிறது என்றேன். பூ விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. "அய்யாவுக்கு நாள் தெரியும்லம்மா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "அப்ப அவுங்க செஞ்சிருவாங்க. அவுங்களத் தாண்டி நாங்க எதுவும் செய்யமாட்டோம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று வைத்துவிட்டாள். கட்சிக்காரர் வேண்டாம் என்ற பிறகு வக்கீல் என்ன செய்ய முடியும்? எனக்கு அவர்கள் இரண்டு பேர் மீதும் எரிச்சல் வந்தது.

ஐப்பசி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் அவருடைய பங்காளி வீட்டில் சாவு. தீட்டு. கோயில் பக்கம் போக முடியாது. நான் வேண்டுமானால் போய்க் கேட்கட்டுமா என்றேன். நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் நான் இறங்கி வந்ததைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க மனசு பெருசு அம்மிணி. ஆனா எங்காத்தா எங்களுக்குத்தான் சொல்லும்" என்றார். அந்த வாரம் பவளக்கொடி ஊரிலிருந்து வாட்ஸாப்பில் படம் வந்தது. கழிக்கரையில் வேலிக்குக் கல் நட்டிருந்தார்கள்.

கார்த்திகை அமாவாசைக்கு நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் நின்றால் எதையாவது செய்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. காலையிலிருந்து மழை. கோயில் ஓட்டுக் கூரையில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மனுக்கட்டு அம்மனின் காலடியில், மஞ்சள் துணியில் சுற்றிக் குங்குமம் பட்டுக் கிடந்தது. பூசாரி பூவை நனைத்து ஒட்டினார். நாங்கள் காத்திருந்தோம்.

பூ விழவில்லை. எப்படி விழும்? கல்லே வியர்த்துப்போயிருந்தது. வெயில் காலத்தில் ஈரம் காய்ந்து சீக்கிரம் விழுகிற பூ, அந்த மழையில் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை நின்றோம். அவர் கை கூப்பியபடி அசையாமல் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. பூசாரி பாவம், கற்பூரத்தை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் காட்டிப் பார்த்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமா, வலப்பக்கத்துப் பூவை நான் தொடறேன். பாவம் என்னோட போகட்டும். நீங்க கண்ண மூடிக்குங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தட்டி உட்டா அது உத்தரவு ஆகாதுங்க அம்மிணி."

"அங்க கல்லு நட்டுட்டாங்க மாமா. இன்னும் ரெண்டு வாரத்துல நாள் முடியுது. நாளைக்கே கையெழுத்துப் போடுங்க, நான் ராத்திரியோட ராத்திரியா சென்னைக்குக் கொண்டுபோறேன்."

"கேக்காம ஒருக்கா செஞ்சேனுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் வைப்பர் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. நாள் முடிந்த அன்றைக்குக் காலையில் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டேன். "அம்மன் பாத்துக்குமுங்க" என்றார். அன்றைக்கு நான் கோர்ட்டுக்குப் போகவில்லை.

மார்கழி அமாவாசைக்கு மறுநாள் ஆபீஸ் வாசலில் அவருடைய குரல் கேட்டது. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. ஒரு தட்டில் தேங்காய் பழம், அதன் மேல் மனுக்கட்டு.

"மொதல்லயே வலப்பக்கமுங்க அம்மிணி! வெச்ச கையோட உழுந்துருச்சு. பூசாரியே அசந்துட்டாரு. எங்க கையெழுத்துப் போடோணும், சொல்லுங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. நாள் முடிந்துவிட்டது மாமா என்றேன். தலையாட்டினார். தெரியும் என்பதுபோல் ஆட்டினார். "தாமதத்துக்குக் காரணம் சொல்லலாம்னீங்களே, அதச் சொல்லீரலாமுங்க" என்றார். அந்தக் காலமும் போய்விட்டது என்பதை எத்தனை விதமாகச் சொன்னாலும் அவருக்கு ஏறவில்லை. அம்மன் சரி என்று சொன்ன காரியத்துக்குக் கதவு எப்படிச் சாத்தியிருக்கும்?

போட்டோம். போடாமல் இருந்திருந்தால் அவர் என் ஆபீஸ் வாசலை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். வழக்கு பட்டியலில் வந்த அன்று என்னோடு சென்னைக்கு வந்தார். என் சிநேகிதி எழுந்து பேசினாள். எத்தனை நாள் தாமதம் என்று கேட்டார்கள். சொன்னாள். மன்னிக்கச் சட்டம் எங்களுக்கு இடம் தரவில்லை என்றார்கள். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த வரைபடத்தை யாரும் பிரித்துப் பார்க்கவே இல்லை. கம்பெனி வக்கீல் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

வெளியே வராண்டாவில், "அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். ரயில் ஜோலார்பேட்டை தாண்டியது. பிறகு, "பவளக்கொடிகிட்ட நாஞ் சொல்லிக்கறேன். நீங்க போன் பண்ணாதீங்க. அது எங்கடமை" என்றார். சரி என்றேன்.

அதன்பிறகு அவர் அமாவாசைக்குக் கோயிலுக்குப் போகவில்லை என்று அக்கா சொன்னார். பூ கேட்பதையும் நிறுத்திவிட்டார். அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. கேட்காமல் செய்கிறவராக அவர் மாறவில்லை. எதையுமே செய்யாதவராக ஆகிவிட்டார். மில்லுக்குக் கிளிஞ்சலுக்குப் பதில் சுண்ணாம்புக் கல்மாவு வந்தது. அதையும் மருமகன்தான் ஏற்பாடு செய்தார். சோறு வைத்தால் சாப்பிட்டார், எழுப்பினால் எழுந்தார். நான் பார்க்கப் போனபோது, "வாங்க அம்மிணி" என்றதற்கு மேல் பேச்சில்லை. எனக்குக் கோபம் போகவும் இல்லை, அவரைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு வருஷம் கழித்து மார்கழியில், உட்கார்ந்த நாற்காலியிலேயே உயிர் போய்விட்டது.

கருமாதிக்குப் பவளக்கொடி வந்திருந்தாள். யாரோ லாரி டிரைவர் சொல்லித் தெரிந்ததாம். ராத்திரி பஸ்ஸேறி, மாறி மாறி வந்திருக்கிறாள். படத்தின் முன்னால் விழுந்து அழுதாள். சொந்தக்காரர்கள் யார் இவள் என்று பார்த்தார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இளைத்துப்போயிருந்தாள்.

"பூ விழுந்துருச்சுன்னு அய்யா போன்ல சொன்னாங்கம்மா. இனிமே கவல இல்லன்னு சொன்னாங்க. என்ன பூ, ஏதுன்னு நான் கேட்டுக்கல. நாங்களும் பாத்துக்கிட்டே இருக்கோம். கழிய முக்காவாசி தூர்த்துட்டாங்க. அந்த வேலிய எப்பம்மா பிரிப்பாங்க?"

அவர் சொல்லவில்லை. கடமை என்று வாங்கிக்கொண்டு போனவர், பூ விழுந்ததை மட்டும் சொல்லிவிட்டு, மீதியைச் சொல்ல வாய் வராமலே போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தப் பெண்கள் ஒரு வருஷமாக வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பூ என்றால் என்ன, எத்தனை அமாவாசை போனது, சென்னையில் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கேஸே இல்லையா என்று ஒரு தடவை மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். இனிமேல் போட முடியாதா என்றாள். முடியாது என்றேன்.

"தள்ளிட்டாங்கன்னு அய்யாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். எம்பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தாரு."

மாலை போட்ட படத்தை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"கம்பெனிக்காரன் ஆபீசர்கிட்ட கேட்டான். அய்யா சாமிகிட்ட கேட்டாங்க. எங்ககிட்டயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்மா."

சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று என்று மருமகன் வந்து கூப்பிட்டார். நான் எழுந்தேன். அவள் எழவில்லை.